அறுபத்து நான்கு கால்கள்

1

ஈயம் உருகும்போது எழும் புகையில் சாம்பிராணியின் சாயல் உண்டு. ஈயக் கம்பிக்குள் மெலிதாக அடைத்திருக்கும் பிசின் எரிகிற வாசனை அது. வட ஜெர்மனியில், எங்கள் அடுக்ககத்தின் நிலவறையில், அடுத்தவர் சைக்கிள்களுக்கும் பனிக்கால டயர்களுக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, பச்சைப் பலகையின் முதல் புள்ளியில் சால்டரிங் அயர்னை வைத்தேன். புகை எழுந்தது. மறுகணம் நான் செங்கம் ரோட்டில் இருந்தேன். பாஷா பாயின் ரேடியோ கடை. கூரைவரை டேப் ரெக்கார்டர்கள். மூலையில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, படபடவென்று விசைகளைத் தட்டும் ஓசை.

அதற்குமேல் அங்கே இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. உத்தரத்துப் புகைமானி அலறியது. இரண்டாம் மாடிக்காரர் வெறுங்காலோடு ஓடி வந்தார்.

"எதை எரிக்கிறீர்கள்?"

"எரிக்கவில்லை. ஒட்டுகிறேன்."

"இங்கே ஒட்டுவதற்கு வாடகை ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா?"

இங்கே எதற்கும் ஒரு தாள் உண்டு. குப்பையைப் பிரிக்க, மரத்தை வெட்ட, செத்தவரைப் புதைத்த குழியில் இன்னும் சில ஆண்டு கிடக்க. அன்று நான் இந்த நாட்டில் இறங்கிச் சரியாக இருபத்தெட்டு ஆண்டு. அந்த நாளைக் கொண்டாட நான் தேர்ந்தெடுத்த வழிக்குத்தான் தாள் எதுவும் இல்லை. எடுத்துக்கொண்டு வந்த ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருந்தேன்.

2

பொருள் ஒரு கம்ப்யூட்டர். இன்றைய கண்ணுக்கு அது ஒரு தடித்த விசைப்பலகை. அவ்வளவுதான். உள்ளேயே எல்லாம் அடக்கம். டிவியோடு இணைத்தால் படம் வரும், டேப் ரெக்கார்டரோடு இணைத்தால் கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும். வளைகுடாவிலிருந்து திரும்பிய யாரோ பாஷா பாயிடம் விற்றுவிட்டுப் போனது. அதனால் ஒவ்வொரு விசையிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்தும் இருந்தது. ஊரில் கம்ப்யூட்டர் என்றால் குளிர்சாதன அறையும், வாசலில் கழற்றிவிட்ட செருப்பும் என்றிருந்த காலம். எங்களுக்கு மட்டும் அது கடை மூலையில், காற்றாடிக்குக் கீழே, தூசியோடு கிடைத்தது.

'எங்களுக்கு' என்பது பெரிய வார்த்தை. நான் அங்கே பொழுது போக்க வருகிறவன். அது பாஷா பாயின் மகள் ஷமீமாவுடையது. பௌர்ணமிதோறும் கடைவாசலில் மலையைச் சுற்றும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவள் ஒரு விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் புள்ளி மலையைச் சுற்றும். எட்டு லிங்கங்களையும் தொட வேண்டும். குரங்கு வந்து பழத்தைப் பிடுங்கும். நிலா இறங்குவதற்குள் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

"எங்க வீட்டுப் பொண்ணு கிரிவலம் போறா, ஒக்காந்த எடத்துல," என்று பாஷா பாய் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு வெளிநாட்டு வேலை கிடைத்த மாதத்தில் டிவியில் படம் கலங்கத் தொடங்கியது. விளையாட்டில் எட்டாவது லிங்கம்வரை அவள் எழுதி முடித்திருந்தாள். அங்கிருந்து கோபுரத்துக்குத் திரும்பும் வழி மட்டும் பாக்கி. "அங்க பார்ட்டு கெடைக்கும் பாய், நான் சரி பண்ணி ரெண்டு வருஷத்துல கொண்டாந்துடறேன்," என்று நான்தான் சொன்னேன். பாஷா பாய் மகளைப் பார்த்தார். அவள் கேசட்டை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

சரி பண்ணத்தான் எடுத்தேனா? நேர்மையாக எழுதுவதென்றால், ஊரிலிருந்து ஏதாவது ஒன்று என்னோடு வர வேண்டும் என்ற பதற்றம்தான் முக்கால்வாசி. சொந்தமாய் எடுத்துப்போக என்னிடம் எதுவும் இல்லை. அடுத்தவர் வீட்டுக் கனவை எடுத்துக்கொண்டேன்.

3

கடிதத்தில் எழுதினேன்: பார்ட்டு கிடைக்கவில்லை. தொலைபேசியில் சொன்னேன்: கடையில் கொடுத்திருக்கிறேன். பிறகு திருமணம், மொழித் தேர்வு, குடியுரிமை, மகள். பெட்டி நிலவறையில், எங்கள் பெயர் எழுதிய கம்பிக்கூண்டுக்குள் கிடந்தது. ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

பாஷா பாய் காலமான மறு ஆண்டு, ஷமீமாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி. 'அண்ணா, அந்தப் பொட்டி உங்ககிட்ட இருக்குதா?'

கீழே இறங்கி, தூசி துடைத்து, அழகாய் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது. 'ஒருத்தர் வீட்டுப் பொருள எடுத்துக்கினு போனா போட்டோவையா திருப்பித் தருவாங்க?'

அன்றுதான் மூடியைக் கழற்றினேன். நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது என்றோ ஒழுகி, மதர்போர்டின் செம்புக் கோடுகளைப் பச்சையாய்த் தின்றிருந்தது. துருவின் நிறம் இவ்வளவு இளந்தளிராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உதிரிபாகம் தேடியிருக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டிலேயே மூடியைத் திறந்து அந்தப் பேட்டரியை வெட்டி எறிந்திருந்தால் போதும்.

பழைய கம்ப்யூட்டர் பித்துப்பிடித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் யாரோ இந்த மாதிரிப் பெட்டிக்கு மாற்று மதர்போர்டை வரைந்து, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார். வெற்றுப் பலகை தபாலில் வந்தது. உறுப்புகளை ஒவ்வொன்றாய் நானே பொருத்த வேண்டும். சந்தையில் கிடைக்காத ஐசி சில்லுகளைப் பழைய பலகையிலிருந்து பெயர்த்துப் புதியதில் நட வேண்டும். நாற்று மாதிரி.

மகள் இனியா நிலவறைப் படியில் நின்று பார்த்தாள். பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான் இருகரையிலும் ஓடும்.

"அப்பா, அந்தக் கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற மென்பொருள் இருக்கிறதே. இரண்டு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். கேசட்டை அவர்களையே ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொன்னால் போதும்."

"அது போட்டோ மாதிரிம்மா."

"எனக்குப் புரியல," என்றாள். அதை மட்டும் தமிழில் சொன்னாள். அவளுக்குத் தமிழில் சரளமாய் வருகிற ஒரே வாக்கியம் அதுதான்.

நான்கு மாதம். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. டிவிக்குப் படம் வரைந்து கொடுக்கிற பெரிய ஐசி. அறுபத்து நான்கு உலோகக் கால்கள். இப்போது எவரும் செய்வதில்லை. கையிருப்பு என்று ஏலத்தில் வருபவற்றில் போலிகளே அதிகம் என்றார்கள். ஒரு கால் முறிந்தாலும் போயிற்று. அதை என் கையால் பெயர்க்கத் துணிச்சல் வரவில்லை. அது என்னுடையதும் இல்லை. புதிய பலகை, பழைய பலகை, பெட்டி மூன்றையும் துணிகளுக்கிடையில் சுற்றி ஊருக்குப் புறப்பட்டேன். பத்து நாள் விடுப்பு.

4

சென்னையில் சுங்கத்துறை மேசையில் பெட்டியைத் திறந்தார்கள். கம்பிகளும் பச்சைத் துருவும்.

"இது உங்க பொருளா சார்?"

அந்தக் கேள்விக்கு எந்த விமான நிலையத்திலும் ஒரே பதில்தான் உண்டு. இருபத்தெட்டு ஆண்டாகச் சொல்லிவந்த பொய்களில் ஒன்றுகூடத் தேவையான அந்த நொடியில் நாவுக்கு வரவில்லை. "இல்லீங்க," என்றேன்.

பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். படிவம். எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்ற கட்டத்தில் 'திருப்பித் தர' என்று எழுதினேன். "அன்பளிப்பு, விற்பனை, சொந்த உபயோகம். இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்க சார். திருப்பித் தர்றதுன்னு இதுல கெடையாது." மின்கழிவு என்று ஒருவர், அரபி எழுத்து இருக்கிறதே என்று இன்னொருவர். பெட்டி இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஷமீமாவின் கடை அதே செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி. அப்பா ரேடியோ பார்த்த இடத்தில் இவள் இன்வெர்ட்டர், லேப்டாப், மின்சார ஸ்கூட்டரின் சார்ஜர் எல்லாம் பார்க்கிறாள். தியானத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் செத்த ஹெட்போன்களோடு வரிசையில் நின்றார்கள். நாற்பத்து நான்கு வயது. நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடி.

"வாங்கண்ணா. பொட்டி?"

"ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சிருக்காங்க ஷமீமா. ரெண்டு நாள்ல வந்துடும்."

"சரிண்ணா," என்றாள்.

திட்டியிருக்கலாம். அந்தச் 'சரிண்ணா'வில் இருபத்தெட்டு வருடக் கடிதங்களும் மடிந்து கிடந்தன. அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. சென்னைக்கு இரண்டு முறை போய்வந்தேன். மூன்றாம் முறை, 'சொந்த உபயோகம்' என்று பொய்யெழுதிக் கையெழுத்துப் போட்டதும் கொடுத்துவிட்டார்கள். என் பத்து நாளில் ஒன்பது முடிந்திருந்தது.

5

பத்தாம் நாள் பௌர்ணமி. காலையில் பெட்டியை ஷமீமாவின் மேசையில் வைத்தபோதே, விமான நிலையத்துக்குப் பேசிவைத்திருந்த வாடகைக் கார் ஓட்டுநரின் அழைப்பு வந்தது. "சார், அஞ்சு மணிக்கு மேல செங்கம் ரோட்ல வண்டிய உட மாட்டாங்க. நாலேமுக்காலுக்கு வாசல்ல நிப்பேன். ஏறிடுங்க. லேட்டாச்சுன்னா ஃப்ளைட்டு போச்சு, என்னைக் கேக்காதீங்க."

ஷமீமா பெட்டியை உடனே தொடவில்லை. விசைகளின் மேல் ஒருமுறை உள்ளங்கையை ஓட்டினாள். அப்புறம் என் புதிய பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"யாருண்ணா சால்டர் வெச்சது?"

"நான்தான்."

"நெனைச்சேன். ஈயத்த அள்ளி வெச்சிருக்கீங்க, கல்யாணப் பந்தில பொங்கல் வெக்கிற மாதிரி. கொஞ்சம் கம்மியா வெச்சா கொறஞ்சா பூடுவீங்க?"

முற்பகல் முழுக்க என் பொங்கலை வழித்தெடுத்தாள். வாடிக்கையாளர்களுக்கு நடுநடுவே பதில். ஒரு ஜெர்மன்காரியிடம், அவள் மொழியிலேயே, 'நாளைக்கு வா' என்று அதட்டல். மதியம் இரண்டரைக்குத்தான் பழைய பலகையைக் கவ்வியில் மாட்டினாள்.

ஐசியின் ஒரு நுனியில் பாஷா பாய் ஒட்டிய வெள்ளைச் சீட்டு, மை மங்கி. மறு நுனியோரம் வட்டமாய் ஒரு கறை. கால்களைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. ஷமீமா பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சுவதற்கு முன்னால் ஒவ்வொரு காலிலும் புது ஈயத்தைச் சேர்த்தாள்.

"எடுக்க வேண்டிய எடத்துல எதுக்கு இன்னும் சேக்கற?"

"பழசு மட்டும் எளகாதுண்ணா. புதுசு கொஞ்சம் கலந்தாதான் அது கரையும். நீங்க எண்ணிக்கினு வாங்க. எனக்குக் கணக்கு தப்பக் கூடாது."

எண்ணினேன். அவள் உறிஞ்ச உறிஞ்ச, ஒவ்வொரு காலாய். பிசின் புகை எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவே நின்றது. இருபத்துச் சொச்சத்தில் அவள் கை நின்றது.

"எந்த ஊர்ல எண்றீங்க?"

அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. பதினெட்டுக்குப் பிறகு எங்கேயோ நான் ஜெர்மனுக்கு மாறியிருந்தேன். கோபம் வந்தால் தமிழ், கனவில் தமிழ், எண்ணினாலும் தமிழ் என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டவன். "முதல்லேர்ந்து எண்ணட்டுமா?"

"வேணாம். இருவத்தி ஆறு. நான் எண்ணிக்கினுதான் இருக்கேன்."

நாற்பத்தொன்றாம் கால் ஒடிந்தது. சத்தம்கூட இல்லை. துருவில் நூலாய் இளைத்திருந்த கால், பலகையிலேயே தங்கிவிட்டது. ஷமீமா மூச்சை உள்ளே இழுத்தாள், விடவில்லை. மிச்ச இருபத்து மூன்றையும் அப்படியே முடித்து ஐசியைத் தூக்கினாள். ஒடிந்த இடத்தில் அரிசிமுனை அளவு உலோகம் மிஞ்சியிருந்தது. அதைச் சுரண்டி, ஒரு கம்பியிலிருந்து ஒற்றை இழை பிரித்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒட்டினாள். மரக்கால். அறுபத்து நான்கும் மறுபடி நின்றன.

மணி நாலு. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

"தொழுதுட்டு வந்துடறேன். பத்து நிமிஷம். வந்துதான் ஐசிய வெப்பேன். தொடாதீங்க."

மேசையிலிருந்த பவர் சப்ளைப் பெட்டியின் குமிழ் ஒன்றைத் திருகிவிட்டு, திரைக்குப் பின்னால் போனாள்.

6

நான் என்ன செய்திருப்பேன் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் இரண்டு நிமிடம் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். தெருவில் கூட்டம் நடக்கத் தொடங்கியிருந்தது. வெறுங்கால்களின் சரசரப்பு, கற்பூர வியாபாரி, மைக்கில் தொலைந்த குழந்தையின் பெயர். கடிகாரம் நாலு ஐந்து. அவள் வந்து பொருத்தி, பார்த்து, கேசட் போட்டு... நேரம் இல்லை. நேரம் இல்லை என்பதுதானே என் இருபத்தெட்டு ஆண்டுச் சாக்கு.

ஐசியை எடுத்தேன். இந்த மாதிரிச் சில்லுகளில் முதல் காலிருக்கும் நுனியில் ஓர் அடையாளம் இருக்கும். பிறைபோல் ஒரு வெட்டு, அல்லது வட்டமாய் ஒரு பொட்டு. அதைப் பார்த்துத்தான் திசை. தலைகீழாய் வைத்துக் கரண்ட் கொடுத்தால் சுட்டுப் பொசுங்கும். வட்டப் பொட்டு தெரிந்தது. அந்த நுனியை, புதிய பலகையில் அதற்கென்றிருந்த சாக்கெட்டின் தலைப்பக்கம் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். கால்கள் உள்ளே இறங்கின. பவர் சப்ளையை இணைத்தேன். விசையைப் போட்டேன்.

டிவி கறுப்பாகவே இருந்தது. சப்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, அடைத்த தொண்டையில் முனகுவது போல் ஒரு சத்தம். விரலை ஐசிமேல் வைத்தேன். சுட்டது. பிடுங்கினேன்.

அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்தது. நகக்கண்ணில் செந்தூள்.

குங்குமம்.

ஓர் ஆயுத பூஜைக்கு முன்னால் அந்தப் பெட்டியை எங்கள் வீட்டுக்கு இரவல் வாங்கிப் போயிருந்தேன். சைக்கிள், அரிவாள்மணை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் அம்மா பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். "மூடிக்கு வெச்சா மூடிக்குத்தான் போவும். உள்ள எது வேல செய்யுதோ அதுக்கு வெக்கணும், கழட்டுடா." கழற்றினேன். இருப்பதிலேயே பெரிய ஐசிக்குச் சந்தனம் தொட்டு மோதிர விரலால் குங்குமம் வைத்தாள். திருப்பிக் கொடுத்தபோது பாஷா பாய் பார்த்துவிட்டு, "பொட்டு வெச்சுக்கினு வந்திருக்கா? இருக்கட்டும், அழகாத்தான் கீறா," என்றார். துடைக்கவில்லை. அவருடைய கணக்குச் சீட்டை மறு நுனியில் ஒட்டினார். உண்மையான பிறை அந்தச் சீட்டுக்கு அடியில் இருந்தது.

சீட்டைத் தடவினேன். பள்ளம் விரலில் தட்டுப்பட்டது.

ஐசியைப் பெயர்த்தேன். திருப்பி, சரியான பக்கம் வைத்து அழுத்தினேன். விசையைத் தொடவில்லை. இப்போது எதுவும் சொல்லாமல் இருக்கலாம். அவள் வந்து போட்டுப் பார்ப்பாள், வேலை செய்யாது, பழசு, துரு, மரக்கால். காரணங்கள் வரிசையில் நின்றன, ஹெட்போன்காரர்களைப் போல. நாலேமுக்காலுக்கு நான் வண்டியேறிவிடுவேன். இன்னொரு கடிதம், அவ்வளவுதானே.

திரை விலகியது. ஷமீமா முந்தானையைச் சரிசெய்துகொண்டே வந்தவள், மேசையருகே வந்ததும் நின்றாள். மூக்கை லேசாய்ச் சுளித்தாள்.

"தலகீழா வெச்சு போட்டுட்டேன் ஷமீமா," என்றேன். "அம்மா வெச்ச பொட்ட அடையாளம்னு நெனைச்சுட்டேன். சுட்டுது. பூட்டுச்சு. அன்னிக்கும் பார்ட்டு கெடைக்கலன்னு எழுதினது பொய். நான் தேடவே இல்ல. தெறக்கவே இல்ல."

அவள் குனிந்து ஐசியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். செந்தூள் ஒட்டிய என் நகத்தையும் பார்த்தாள். பிறகு சப்ளைப் பெட்டியின் குமிழைக் காட்டினாள்.

"உங்களத் தெரியும்ணா. தொடாதீங்கன்னா தொடுவீங்க. அதான் கரண்ட்ட ரொம்பக் கம்மி பண்ணி வெச்சுட்டுப் போனேன். செகப்பு லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"அப்ப பொழச்சிருக்கும். ஜாஸ்தி போயிருக்காது." நிறுத்தினாள். "பொழைக்கலன்னா, அப்பறம் பேசிக்கலாம்."

குமிழை மெல்லத் திருகி ஏற்றினாள். விசையைப் போட்டாள்.

7

டிவியில் நீலம் வந்தது. வெறும் நீலம், இடது மூலையில் வெள்ளையாய் ஒரு சதுரம் துடித்துக்கொண்டு. ஷமீமா மேசைக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, பஞ்சில் பொதிந்த கேசட்டை எடுத்தாள்.

முதல் தடவை டேப் கிறீச்சிட்டுப் பாதியில் நின்றது. பிழை என்றது திரை. ஸ்பிரிட் தொட்ட துணியால் டேப் ரெக்கார்டரின் தலையைத் துடைத்தாள். ரீவைண்ட். மணி நாலு நாற்பது. மறுபடி பொத்தானை அழுத்தினாள். அந்தப் பழைய ஓலம் கடையை நிறைத்தது. காதில் ஈயம் காய்ச்சி ஊற்றுவது போன்ற ஓலம். எனக்கு அது அமுதமாய் இருந்தது. ஏற ஐந்தாறு நிமிடம் ஆகும்.

வாசலில் ஹாரன். "சார்! போலீஸ்காரர் கயிறு கட்டறாரு சார்!"

"இன்னும் ரெண்டே நிமிஷம்!"

"அதையே சொல்லிக்கினு இருங்க, நான் காலியா போறேன்!"

ஷமீமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பையை என் பக்கம் தள்ளினாள். "கெளம்புங்க. உங்க பொண்ணு காத்துக்கினு இருக்கும்."

"எட்டாவது லிங்கத்துக்கு அப்பறம்?"

"எழுதணும். நோட்டுல பாதி இருக்குது. கோபுரம் வரைக்கும் வந்து சேந்தாதானே சுத்து."

வாசல்படி இறங்கினேன். எனக்குப் பின்னால் டேப் இன்னும் ஓலமிட்டுக்கொண்டிருந்தது. நின்றுவிட்டால் பிழை, முடிந்துவிட்டால் வந்துவிட்டது. இரண்டில் எது என்று தெரியாமல் கதவைத் திறந்து ஏறி, கண்ணாடியை இறக்கினேன். கூட்டம் வண்டியின் இரு பக்கமும் உரசிக்கொண்டு நடந்தது.

"வந்துச்சுன்னா ஒரு போட்டோ அனுப்பும்மா!" என்று கத்தினேன்.

அவள் வாசலுக்கு வந்தாள். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியில் சாயங்கால வெயில்.

"போட்டோல்லாம் அனுப்ப மாட்டேன். பாக்கணும்னா வந்து பாருங்க."